ஆயத்தநிலை என்னும் கருத்தாக்கம்: மின்னியற் சுகாதாரப் பதிவேடும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசத் தாதியரும்

1

வைத்தியசாலைகளிற் கணினிவழித் தகவல் முறைமைகள் புகுத்தப்படும்போதெல்லாம் ஒரு வினா தவறாது எழுப்பப்படுகின்றது. தாதியர் இம்மாற்றத்துக்கு ஆயத்தமாக உள்ளனரா என்பதே அவ்வினா. முகாமைத்துவத் துறையினரும் சுகாதார நிர்வாகத்தினரும் பெரும்பாலும் வினாக்கொத்து ஒன்றின் துணையுடன் இதற்கு விடைகாண முயல்வர். கணினி என் வேலைக்குப் பயன்படும், அதனைக் கையாளுதல் எனக்கு எளிது என்பன போன்ற கூற்றுகள் வரிசையாகத் தரப்படும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, முற்றிலும் உடன்படுதல் தொடங்கி முற்றிலும் உடன்படாமை ஈறாக, ஐந்து பெட்டிகள் இருக்கும். தாதி ஒரு பெட்டியிற் புள்ளடி இடுவார். புள்ளடிகள் கூட்டப்பட்டுச் சராசரி காணப்படும். சராசரி உயர்ந்திருப்பின் ஆயத்தம் உண்டு என்றும், தாழ்ந்திருப்பின் பயிற்சியும் மனமாற்றமும் தேவை என்றும் முடிவு கூறப்படும்.

இத்தகைய ஆய்வுகள் பயனற்றவை என்பது எமது கருத்தன்று. ஆயினும், ஆயத்தநிலை என்பதனைத் தனியொருவரின் உள்ளத்தில் உறையும் மனப்பாங்காகக் கொள்ளுதல் பொருந்துமா, அன்றேல் அது உழைப்பு நிகழும் சமூக உறவுகளிலும் பௌதிக நிலைமைகளிலும் தங்கியுள்ளதா என்ற அடிப்படைக் கேள்வி அவற்றிற் கேட்கப்படாது விடப்படுகின்றது. அக்கேள்வியை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தைக் களமாகக் கொண்டு எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். வைத்தியசாலைப் பதிவேடு என்பது அடிப்படையில் ஓர் எழுத்துப் பிரதி. அதனை யார் எழுதுகின்றனர், எம்மொழியில் எழுதுகின்றனர், யாருக்காக எழுதுகின்றனர், எழுதப்படாது விடப்படுவன எவை என்பன இலக்கிய ஆராய்ச்சியாளர் எந்தப் பிரதியைக் குறித்தும் கேட்கப் பழகிய கேள்விகளே. எழுத்து ஒரு சமூகச் செயற்பாடு என்பதை ஏற்போமாயின், நோயாளர் விடுதியில் நள்ளிரவில் எழுதப்படும் நான்கு வரிகளும் எமது கவனத்துக்குரியனவாகும்.

2

ஆயத்தநிலை என்னும் கருத்தின் பிறப்பை முதலில் நோக்குதல் வேண்டும். புதுமைகள் சமூகத்தில் எவ்வாறு பரவுகின்றன என்பது பற்றிய எவரெட் றொஜர்ஸின் நூல் 1962இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்தது. அவ்வாய்வு மரபின் முன்னோடிகளுள் ஒன்று, அயோவா மாநில விவசாயிகள் கலப்பினச் சோள விதையை ஏற்றுக்கொண்ட முறை பற்றி 1943இல் வெளியான ஆய்வாகும். புதியதை உடனே ஏற்போர் முதல் இறுதிவரை தயங்குவோர் வரை மக்களை வரிசைப்படுத்திய றொஜர்ஸ், இறுதியில் நின்றோருக்குப் பின்தங்கியோர் எனப் பெயரிட்டார். விதையை விற்போன் யார், கடன் எவ்வாறு கிடைக்கிறது, நிலம் எவருடையது என்ற கேள்விகள் இங்கு பின்னணிக்குத் தள்ளப்பட்டு, ஏற்காதவனின் மனமே ஆராய்ச்சிப் பொருளாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

கணினித் துறையில் இம்மரபின் தொடர்ச்சியாக அமைந்தது பிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியாகும். பயனுண்டு என்ற எண்ணமும் எளிது என்ற எண்ணமுமே ஒருவர் கணினியை ஏற்பதைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். அம்மாதிரியின் அளவுகோல்கள் ரொறன்ரோவிலிருந்த ஐ.பி.எம். நிறுவன ஆய்வுகூடப் பணியாளரிடமும் பொஸ்ரன் பல்கலைக்கழக முகாமைத்துவ மாணவரிடமுமே சோதிக்கப்பட்டன. தத்தமக்கெனக் கணினியும் மேசையும் உடையவர்களிடம் உருவான அளவுகோல், ஒரு விடுதிக்கு ஒரு கணினி என்ற நிலையில் நின்றுகொண்டே பணியாற்றும் பெண்களிடம் பிரயோகிக்கப்படுகையில் அதன் பொருள் மாறிவிடுகின்றது. பின்னர் 2003இல் வெங்கடேஷும் டேவிஸும் பிறரும் இம்மாதிரியை விரித்தபோது சமூகச் செல்வாக்கு, வாய்ப்பளிக்கும் நிலைமைகள் என்பவற்றையும் சேர்த்துக்கொண்டனர். இது வரவேற்கத்தக்க திருத்தமே. ஆயினும் அங்கும் நிலைமைகள் தாதியின் எண்ணமாகவே அளக்கப்படுகின்றன. ஆளணியின் தொகையும் வேலை நேரமும் அதிகார உறவும் மீண்டும் பெட்டிக்குள் இடப்படும் புள்ளடிகளாகி விடுகின்றன.

இவ்விடத்தில் இன்னொரு கூற்று பெரிதும் துணைபுரிகின்றது. குழுவாகப் பயன்படுத்தப்படும் கணினி முறைமைகள் ஏன் தோல்வியுறுகின்றன என்பதை 1988இல் ஆராய்ந்த ஜொனதன் குரூடின், மேலதிக வேலையைச் செய்வோர் ஒருவராகவும் அதன் நன்மையைப் பெறுவோர் வேறொருவராகவும் இருத்தலே தலையாய காரணங்களுள் ஒன்று எனக் காட்டினார். அவர் மார்க்சியர் அல்லர். கணினி வடிவமைப்பாளரின் நோக்கிலேயே எழுதினார். எனினும் உழைப்பும் அதன் பயனும் பிரிந்து நிற்றல் பற்றிய மார்க்சியப் புரிதலோடு இது ஒத்துச் செல்கின்றது. ஆயத்தநிலையை ஆராய்வோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, எழுதுவது யார், பயன் பெறுவது யார் என்பதேயாம்.

3

தாதியத் தொழிலுக்கும் எழுத்துக்குமுள்ள உறவு புதியதன்று. கிரைமியப் போரின்போது (1853–56) ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலையிற் பணியாற்றிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் விளக்கேந்திய பெண்மணியாகவே எமது பாடநூல்களில் இடம்பெற்றுள்ளார். அவர் சிறந்த புள்ளிவிபரவியலாளர் என்பதும், 1858இல் இலண்டன் புள்ளிவிபரவியற் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார் என்பதும் அத்துணை பேசப்படுவதில்லை. வெவ்வேறு வைத்தியசாலைகள் வெவ்வேறு விதமாகப் பதிவுகளை வைத்திருந்தமையால் அவற்றை ஒப்பிட இயலாதிருந்ததை அவதானித்த அவர், ஒரே சீரான படிவங்களை வகுத்தார். அவை 1860இல் இலண்டனிற் கூடிய அனைத்துலகப் புள்ளிவிபரவியல் மாநாட்டின் கவனத்துக்கு வந்தன. இன்று தகவல் முறைமை எனப்படுவதன் மூலக்கருத்தை முன்வைத்தோருள் தாதியத்தின் தாயாகப் போற்றப்படுபவரும் ஒருவர். தாதியர் தகவலுக்கு ஆயத்தமா என்ற கேள்வி வரலாற்று நோக்கிற் சற்று விந்தையாகவே தோன்றுகின்றது.

எமது வைத்தியசாலைகளில் நோயாளரின் பிரதான ஆவணம் பி.எச்.ரி. என்றும் பொதுவழக்கில் ரிக்கற் என்றும் வழங்கும் கட்டில் தலைமாட்டுச் சீட்டாகும். வைத்தியரின் குறிப்புகளும் கட்டளைகளும் அதில் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. உடல்வெப்பம், நாடி, குருதியமுக்கம், உட்சென்ற நீரினதும் வெளியேறிய நீரினதும் அளவு, கொடுக்கப்பட்ட மருந்து ஆகியவற்றைத் தாதியர் தத்தமக்குரிய தாள்களிற் பதிகின்றனர். இவற்றோடு விடுதி அறிக்கைப் புத்தகமும், மருந்துக் கணக்கும், பணிமுறை மாறும்போது அடுத்தவரிடம் நோயாளரை ஒப்படைக்கும் வாய்மொழிக் கூற்றும் உள. பகலில் இரு முறைகளும் இரவில் நீண்டதொரு முறையுமாகச் சுழலும் பணியில், வாய்மொழியும் எழுத்தும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. "ஏழாங் கட்டில் அம்மா இரவு நித்திரையில்லை, பயந்துபோய் இருக்கிறா" என்ற செய்தி எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. ஆனால் அடுத்த முறைக்கு வரும் தாதி அந்த நோயாளரை அணுகும் விதத்தை அதுவே தீர்மானிக்கின்றது.

நோயாளர் வீடு திரும்பியதும் சீட்டு பதிவறைக்குச் செல்கின்றது. அங்கே நோய்ப்பெயர் அனைத்துலக நோய் வகைப்பாட்டுக்கு இணங்கக் குறியீடாக மாற்றப்பட்டு, நோய், மரணம் பற்றிய அறிக்கையாகச் சுகாதார அமைச்சுக்கு அனுப்பப்படுகின்றது. காலாண்டுக்கொருமுறை தாளில் அனுப்பப்பட்ட இவ்வறிக்கை 2010களில் மின்னியல் வடிவம் பெற்றது. நோயின் பெயரும் நோயாளர் பிழைத்தாரா இறந்தாரா என்பதும் தேசியப் புள்ளிவிபரத்தை அடைகின்றன. அவர் பிழைப்பதற்காகத் தாதி செய்த வேலை அவ்வழியில் உதிர்ந்துவிடுகின்றது. படுக்கைப்புண் வராதிருக்க நோயாளரைப் புரட்டிக் கிடத்தல், உணவூட்டல், உறவினரைத் தேற்றல் முதலாயின உழைப்பாகக் கணக்கிடப்படுவதில்லை. அது பெண்களின் இயல்பான பண்பு என்ற கருத்துநிலை அவ்வுழைப்பை மறைத்து நிற்கின்றது.

இம்மறைவை நீக்கும் முயற்சியொன்று ஐக்கிய அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. தாதியர் செய்யும் செயல்கள் அனைத்தையும் பெயரிட்டு வகைப்படுத்தும் தொகுதியொன்று 1992இல் நூலாயிற்று. இதனை ஆராய்ந்த ஜெப்ரி பௌக்கரும் சூசன் லீ ஸ்ராரும் 1999இல் வெளியிட்ட நூலில் ஒரு முரண்பாட்டைச் சுட்டினர். பெயரிடப்பட்ட உழைப்பு அங்கீகாரம் பெறுகின்றது. அதே வேளை, கண்ணுக்குத் தெரியும் உழைப்பு கண்காணிப்புக்கும் உட்படுகின்றது. மின்னியற் பதிவேட்டின் முன்னால் நிற்கும் தாதியின் தயக்கத்துக்கு இம்முரண்பாடே பொருளடிப்படையான காரணம் எனலாம்.

4

இலங்கையில் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டன. இலவச சுகாதார சேவை எமது மக்கள் பெற்ற பெரும் பேறுகளுள் ஒன்று. அரச வைத்தியசாலைத் தாதி தனியார் முதலாளி ஒருவருக்கு நேரடியாக உபரிமதிப்பை ஈட்டித் தருபவர் அல்லர் என்பதையும் இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும். எனவே தொழிற்சாலை இயந்திரம் பற்றிய வாய்பாட்டை அப்படியே இங்கு பொருத்துதல் தவறாகும். ஆயினும் அரசின் நிதி நெருக்கடி, ஆளணிக் குறைப்பு, வேலைச் செறிவு என்பவற்றினூடாக மூலதனத்தின் விதிகள் விடுதிக்குள்ளும் நுழைகின்றன. 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் 2023 மார்ச்சில் அனைத்துலக நாணய நிதியத்துடன் ஏற்பட்ட கடன் ஒழுங்கும் இதனைக் கூர்மையாக்கின. வைத்தியரும் தாதியரும் பெருமளவில் வெளிநாடு சென்றனர். எஞ்சியோர் சென்றோரின் வேலையையும் சுமந்தனர். மின்னியற் பதிவேடு வந்துசேரும் விடுதி இதுவே.

இந்நாட்டில் மின்னியற் சுகாதாரத்தின் வளர்ச்சி ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்தது. வைத்தியர்களுக்கென உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிப் பட்டப்படிப்பொன்றைக் கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவனம், ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், ஏறத்தாழ 2010 முதல் நடத்தலாயிற்று. மின்னியற் சுகாதாரத்துக்கான தேசிய வழிகாட்டல்களும் நியமங்களும் 2013இல் வகுக்கப்பட்டன. சுகாதாரத் தகவல் பற்றிய தேசியக் கொள்கை 2017இல் வந்தது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் ஆதரவுடன் வைத்தியசாலைச் சுகாதாரத் தகவல் முகாமை முறைமை என்னும் திறந்த மூல மென்பொருள் அரச வைத்தியசாலைகள் சிலவற்றில் நிறுவப்பட்டது. ஒவ்வொரு நோயாளருக்கும் தனிச் சுகாதார இலக்கம் ஒன்று வழங்கும் முறையும் உருவாயிற்று. கொவிட் தொற்றுக்கென டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் மென்பொருளைத் தழுவிய கண்காணிப்பு முறைமை ஒன்றை 2020 சனவரியிலேயே இலங்கையர் அமைத்தனர். அது பிற நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. இச்சாதனை பெருமைக்குரியதே.

ஆனால் இவ்வளர்ச்சியிற் தகவலியலாளர் என்ற தகைமை வைத்தியருக்கே முதலில் உரியதாயிற்று. தாதிக்கு வழங்கப்பட்டது குறுகியகாலப் பயிற்சியும் கடவுச்சொல்லுமே. முறைமையைச் சிந்திப்போர் ஒரு பிரிவினர், அதில் தரவு இடுவோர் வேறொரு பிரிவினர் என்ற வேறுபாடு, சிந்தனையும் நிறைவேற்றமும் பிரிக்கப்படுதல் பற்றி ஹரி பிறேவர்மன் 1974இற் கூறியதை எமக்கு நினைவூட்டுகின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் மருத்துவத்தோடு தாதியியலிலும் பட்டப்படிப்பு உண்டு. தாதியர் நடுவிலிருந்தே தகவலியலாளர் உருவாவதற்கு அறிவுத் தடை எதுவுமில்லை. தடையாக நிற்பது தொழிற் படிநிலையே.

5

இனி, மட்டக்களப்பின் சிறப்பியல்புகளை நோக்குவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவி இப்பிரதேசத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பிரிக்கின்றது. கடலோரமான எழுவான்கரையிலேயே நகரமும் போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிகுடி, காத்தான்குடி ஆகிய வைத்தியசாலைகளும் அமைந்துள்ளன. நெல்வயல்கள் பரந்த படுவான்கரை மக்கள் நீண்டகாலமாக வாவியைக் கடந்தே பெரிய வைத்தியசாலையை அடைந்தனர். கல்லடிப் பாலம் 1924இற் கட்டப்பட்டது. மண்முனைப் பாலமோ 2014இலேயே திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் பாதை என இங்கு வழங்கும் மிதவையே மண்முனைத் துறையில் மக்களை ஏற்றி இறக்கிற்று.

இப்பிரிவின் பொருள் யாது? நோயாளர் ஒருவர் படுவான்கரைக் கிராமிய வைத்தியசாலையொன்றிலிருந்து இரவில் அனுப்பப்படுகின்றார் எனக் கொள்வோம். அவரோடு வருவது ஒரு கடிதமும், பொலித்தீன் பையிற் சுற்றிய கிளினிக் கொப்பியும் ஆகும். மழையில் கொப்பி நனைந்தால் அவரது மருத்துவ வரலாறும் அழிகின்றது. 1978 நவம்பர் சூறாவளியும், 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும், 2011 சனவரி வெள்ளமும் இப்பிரதேசத்துக்குக் கற்பித்தது, தாள் நிலையானதன்று என்பதாகும். இரு கரைகளையும் இணைக்கும் மின்னியற் பதிவேடு இம்மக்களுக்கு மெய்யான நன்மை தரும். பழைய மருந்து எது, ஒவ்வாமை எது என்பதை நள்ளிரவில் அறியாது தவிக்கும் தாதியே அந்நன்மையை முதலில் உணர்வார். ஆகவே தாதியரின் நலன் பதிவேட்டுக்கு இயல்பாகவே எதிரானது எனக் கொள்ளுதல் தவறாகும்.

மறுபுறத்தில், 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததையும் நாம் மறத்தலாகாது. மின்சாரத்திலும் இணைய இணைப்பிலும் முழு நம்பிக்கை வைக்க இயலாத சூழலில் விடுதிகள் தாளையும் விடுவதில்லை, கணினியையும் ஏற்கின்றன. விளைவு இரட்டை எழுத்து. ஒரே குருதியமுக்க அளவு முதலிற் தாளிலும் பின்னர் கணினியிலும் பதியப்படுகின்றது. தாதியர் கணினியை வெறுக்கின்றனர் என அறிக்கைகள் கூறுமிடத்து, அவர்கள் வெறுப்பது இவ்விரட்டை எழுத்தையே என்பது எமது கருத்து. இன்றைய இளந்தாதியர் கைப்பேசியை இலாவகமாகக் கையாளுபவர்கள். திறமைக் குறைவு என்ற விளக்கம் அவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, மொழி. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் வைத்தியசாலைப் பதிவின் மொழி ஆங்கிலமே. நோயாளர் மட்டக்களப்புத் தமிழில் தம் நோவைக் கூறுகின்றார். தாதி அதனைத் தமிழில் விளங்கி ஆங்கிலத்தில் எழுதுகின்றார். நெஞ்செரிவு, நெஞ்சடைப்பு, நெஞ்சுநோ என்னும் மூன்றும் பெட்டியொன்றில் நெஞ்சுவலி எனச் சுருங்கிவிடுகின்றன. தாளின் ஓரத்தில் இன்னுஞ் சில சொற்களை எழுத இடமுண்டு. தெரிவுப் பட்டியலில் அவ்விடமில்லை. பொருள் நிரந்தரமாக இழக்கப்படுவது இங்கேயே.

பெயர்களின் நிலையும் இத்தகையதே. முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரு கட்டங்கள் ஐரோப்பிய வழக்கை ஒட்டியவை. எமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முன்னே நிற்கும். இப்பிரதேசத் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் குடி என்னும் பரம்பரை தாய்வழி வருவது. அது எந்தப் படிவத்திலும் இல்லை. கந்தையா என்ற ஒரு பெயரையே ஆங்கில எழுத்தில் நால்வர் நால்வகையாக எழுதுவர். ஓரெழுத்து வேறுபட்டால் கணினி அவரைப் புதிய நோயாளராகக் கொள்கின்றது. தனிச் சுகாதார இலக்கம் இதனை ஓரளவு தீர்க்கும். ஆயின் அட்டையை வீட்டில் விட்டு, மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்ட முதியவருக்கு இலக்கம் துணைசெய்யாது. அவரை அடையாளங் காண்பது தாதியின் நினைவே.

மூன்றாவது, பதியப்படுதல் பற்றிய அச்சம். இதனைப் பேசாது மட்டக்களப்பைப் பற்றி எழுதுதல் நேர்மையாகாது. 1990 செப்ரெம்பரில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் படுகொலை செய்யப்பட்டனர். பெயரும் ஊரும் அடையாள அட்டையும் உயிரைத் தீர்மானித்த காலமொன்றை இப்பிரதேசத்தின் எல்லாச் சமூகத்தினரும் கடந்து வந்துள்ளனர். காயத்துடன் வருபவரிடம் எவ்வளவு கேட்பது, எவ்வளவு எழுதுவது என்பது போர்க்கால வைத்தியசாலைகளில் வெறும் நிர்வாக விடயமாக இருந்திருக்க முடியாது. தகவல் எங்கே போகும் என்று ஒரு தாதி கேட்பாராயின், அது பின்தங்கிய மனப்பாங்கன்று. வரலாறு கற்பித்த பாடம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டது. சட்டம் இயற்றப்படுதல் ஒன்று. விடுதியில் நிற்பவர் அதனை நம்பத்தக்க ஏற்பாடுகள் அமைதல் மற்றொன்று.

6

இயந்திரத்துக்கும் அது பயன்படுத்தப்படும் சமூக வடிவத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிலாளர் அனுபவத்தினூடாகவே அறியவேண்டியிருந்தது என மார்க்ஸ் 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில் விளக்குகின்றார். 1811 முதல் இங்கிலாந்தில் தறிகளை உடைத்த லுடைற்றுகள் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை, தம் தொழிலின் மரபையும் கூலியையும் காக்கவே போராடினர் என்பதை ஈ. பி. தொம்சன் 1963இல் விரிவாக நிறுவினார்.

அண்மைக்கால எடுத்துக்காட்டொன்றும் உண்டு. 2021 ஓகஸ்டில் இந்தியாவின் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பெண் பணியாளர் அரசு தந்த கைப்பேசிகளைத் திருப்பியளித்துப் போராடினர். கைப்பேசிகள் பழுதுற்றுத் தாமதமாக இயங்கின. போசாக்குத் தரவைப் பதியும் செயலி ஆங்கிலத்தில் இருந்தது. அவர்களின் மொழியோ மராத்தி. தொழில்நுட்பத்தை மறுத்தோர் என இவர்களைக் கூறலாமா? நல்ல கருவியையும் தம் மொழியையும் அவர்கள் கோரினர் என்பதே உண்மை. அரச துறைகளிற் கைரேகை மூலம் வரவு பதியும் முறைக்கு எமது நாட்டிற் தொழிற்சங்கங்கள் காட்டிய எதிர்ப்பும் இவ்வகையில் நோக்கத்தக்கது. நோயாளரைப் பராமரிக்கும் கணினியும் ஊழியரைக் கண்காணிக்கும் கணினியும் ஒன்றேயாகிவிடும் என்ற ஐயம் ஆதாரமற்றதன்று. மருந்து கொடுத்த நேரத்தைப் பதியும் நிரல், தாமதித்த தாதியையும் பதிகின்றது. மூவர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் செய்தமையால் வந்த தாமதம் என்பதை அது பதிவதில்லை.

ஆயினும் தாதியரை இலட்சியப்படுத்துதலும் எமது நோக்கமன்று. விடுதியின் படிநிலையில் வைத்தியருக்குக் கீழே நிற்கும் தாதி, சிற்றூழியருக்கும் ஏழை நோயாளருக்கும் மேலே நிற்கின்றார். ஆங்கிலத்தில் எழுதும் ஆற்றல் அவருக்கும் ஓர் அதிகாரமே. தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே வாசிக்க இயலாத நோயாளரின் நிலையை மின்னியற் பதிவேடு மாற்றவும் கூடும். மேலும் இறுக்கவும் கூடும். தாதியரின் கோரிக்கை நோயாளரின் உரிமையோடு இணையும்போதே அது முற்போக்குத் தன்மை பெறுகின்றது.

7

மாற்று வழி உண்டா என்ற வினாவுக்கு, இலங்கை பயன்படுத்தும் மென்பொருளின் வரலாற்றிலேயே ஒரு விடை கிடைக்கின்றது. 1970களின் தொடக்கத்தில் நோர்வேயில் கிறிஸ்டன் நைகார்ட் என்னும் கணினி அறிஞர் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து பணியாற்றினார். தொழிலாளருக்கும் கணினி பற்றிய அறிவு வேண்டும், முறைமையின் வடிவமைப்பில் அவர்களின் குரல் இடம்பெற வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. நோர்வேயின் 1977ஆம் ஆண்டு வேலைச் சூழற் சட்டம் இதன் ஒரு பகுதியைத் தொழிலாளர் உரிமையாக்கிற்று. இம்மரபில் 1980களின் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் புளோரன்ஸ் என்னும் பெயரில் ஓர் ஆய்வுத் திட்டம் நடைபெற்றது. குரோ பியெர்க்னெசும் தூனெ பிராத்தெதைக்கும் தாதியரின் நாளாந்த வேலையை அவர்களிடமே கற்று, அவ்வேலைக்கேற்ற கணினி முறைமையைத் தாதியருடன் சேர்ந்து அமைக்க முயன்றனர். நைற்றிங்கேலின் பெயர் அங்கு மீண்டும் வந்தது தற்செயலன்று.

அதே ஒஸ்லோப் பல்கலைக்கழகம், நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1994இன் பின்னர், தென்னாபிரிக்க முற்போக்குச் சுகாதாரப் பணியாளருடன் இணைந்து மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருளை உருவாக்கிற்று. அதன் வளர்ச்சியே இன்று எழுபதுக்கு மேற்பட்ட நாடுகளிற் பயன்படும் டி.எச்.ஐ.எஸ். 2. நாம் இறக்குமதி செய்த மென்பொருளின் பின்னே ஒரு தொழிற்சங்க மரபும் ஒரு விடுதலைப் போராட்ட மரபும் உள. மென்பொருள் கடல் கடந்து வந்தது. அதனைத் தோற்றுவித்த உழைப்போர் பங்கேற்பு அதனுடன் முழுமையாக வந்துசேரவில்லை. தொழில்நுட்பம் சமூக உறவுகளிலிருந்து பிரிக்கப்பட்டுப் பண்டமாக மாறும்போது நிகழ்வது இதுவே.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, ஆயத்தநிலை தனியொருவரின் மனநிலையன்று; ஆளணி, கருவி, மின்சாரம், மொழி, அதிகாரம் ஆகியவற்றின் கூட்டுநிலையாகும். இரண்டாவது, ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுத வேண்டாத ஏற்பாடு செய்யப்படுமுன் தாதியரின் மனப்பாங்கை அளப்பது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. மூன்றாவது, பதிவேட்டின் இடைமுகம் தமிழிலும் சிங்களத்திலும் அமைவதோடு, நோயாளரின் சொல்லை அவர் சொன்னவாறே பதிய ஓர் இடமும் வேண்டும். இதில் தமிழ்த்துறையினருக்கும் பணியுண்டு. மட்டக்களப்பு மக்கள் உடலையும் நோயையும் குறிக்கும் சொற்களைத் தொகுத்து மருத்துவத் துறையினருக்கு வழங்குதல் எமது பல்கலைக்கழகங்கள் உடன் மேற்கொள்ளத்தக்க முயற்சியாகும். நான்காவது, பராமரிப்புக்கெனப் பெறப்பட்ட தரவு ஊழியரைத் தண்டிக்கவோ நோயாளரைக் காட்டிக்கொடுக்கவோ பயன்படாது என்ற உறுதி எழுத்தில் தரப்படல் வேண்டும். ஐந்தாவது, முறைமையைத் தெரிவுசெய்யும் குழுவிலும் திருத்தும் குழுவிலும் தாதியர் தம் சங்கங்களினூடாக இடம்பெறல் வேண்டும்.

தாதியர் ஆயத்தமா என்ற வினாவை அவர்களிடம் எடுத்துச் செல்வோர் அதன் மறுபக்கத்தையும் எடுத்துச் செல்லல் நன்று. இரவு முறையில் ஒருத்தியாக நின்று விடுதி முழுவதையும் பார்க்கும் அப்பெண்ணின் உழைப்பை எழுத்தில் ஏற்றுக்கொள்ள இம்முறைமை ஆயத்தமா? அவ்வினாவுக்கு விடை கூறவேண்டியவர்கள் தாதியர் அல்லர்.